மொரீஷியஸுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்கு: காய்ச்சல் வருவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கும் குடும்பங்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, கறிவேப்பிலை எங்கே கிடைக்கும் என்பதுதான். இரண்டாவது, பள்ளிக்கூடம். ஆஸ்பத்திரி எந்தப் பக்கம் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. வந்த மூன்றாவது வாரம், நடுராத்திரியில் மூத்தவனுக்கு உடம்பு கொதித்தது. யாரை அழைப்பது, எங்கே போவது, டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வது, ஒன்றும் தெரியாது. வீட்டுக்காரம்மாவின் கதவைத் தட்டினேன். தமிழ்ப் பெயர், நெற்றியில் விபூதி, ஆனால் தமிழில் ஒரு வாக்கியம் வராது. என் முகத்தைப் பார்த்ததும் காரை எடுத்துவிட்டார்.

சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் போய்விட்டது. அந்த ராத்திரிப் பயம் மட்டும் போகவில்லை. அதனால் இப்போது யார் புதிதாக வந்தாலும், வந்த வாரமே ஒரு சாயங்காலம் அவர்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறேன். எபென் ஐ.டி. நகரத்தில் கம்பெனி வேலைக்கு வந்தவர், கோயில் குருக்கள், ஸ்தபதி, பள்ளிக்கூட டீச்சர், யாராக இருந்தாலும் இதே நடைதான். நடந்துகொண்டே சொல்வதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதல் வாரம்: வழியைக் காலால் தெரிந்துகொள்ளுங்கள்

வீட்டுக்கு மிகப் பக்கத்தில் இருக்கும் அரசு சுகாதார நிலையத்தைத் தேடிப்பிடியுங்கள். சிறியதைக் கம்யூனிட்டி ஹெல்த் சென்டர் என்றும், சற்றுப் பெரியதை ஏரியா ஹெல்த் சென்டர் என்றும், இன்னும் பெரியதை மெடிகிளினிக் என்றும் பலகையில் எழுதியிருக்கும். வயசானவர்கள் எல்லாவற்றையும் பழைய வழக்கப்படி ‘திஸ்பான்ஸேர்’ என்பார்கள். எத்தனை மணி வரை திறந்திருக்கும், குழந்தைகள் தடுப்பூசிக்கு எந்தக் கிழமை என்று உள்ளே போய்க் கேட்டு வாருங்கள். உடம்பு சரியில்லாத நாளில் கேட்கிற கேள்வியல்ல இது.

பெரிய அரசு மருத்துவமனைகள் ஐந்து. போர்ட் லூயிஸில் ஜீத்து, பாம்ப்ளமூஸில் சிவசாகர் ராம்கூலம், காந்தோஸில் விக்டோரியா, ரோஸ் பெலில் ஜவாஹர்லால் நேரு, ஃப்ளாக்கில் புருனோ சியோங். உங்கள் பகுதிக்கு எது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே வரை போய், அவசரப் பிரிவின் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துவிடுங்கள். அதை இங்கே ‘கேஷுவல்ட்டி’ என்கிறார்கள். இரவில் கையில் குழந்தையோடு சுற்றுச்சுவரை வலம் வருவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆம்புலன்ஸுக்கு 114. சாமு என்ற அவசர மருத்துவ சேவை அது. அழைப்பதைவிட இடம் சொல்வதுதான் கஷ்டம். பல சந்துகளில் வீட்டு எண் ஒழுங்காக இருக்காது. பக்கத்துக் கோயில், பேக்கரி, பஸ் நிறுத்தம் என்று அடையாளம் சொல்லத்தான் வேண்டியிருக்கும். அந்த ஒரு வரியைப் பக்கத்து வீட்டாரிடம் இவர்கள் பேசும் கிரியோல் மொழியில் எழுதி வாங்கி, குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவையுங்கள். அதே தாளில் வீட்டில் ஒவ்வொருவரின் ரத்த வகை, ஒவ்வாமை, தினமும் சாப்பிடும் மருந்து ஆகியவையும் இருக்கட்டும்.

மருந்தின் பெயரை எழுதும்போது, பெட்டியில் பெரிதாக இருக்கும் கம்பெனிப் பெயரை எழுதாதீர்கள். கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மூலப்பெயரை எழுதுங்கள். நம் ஊர் டோலோவும் குரோசினும் இங்கே பனடோல் ஆகிவிடும். எல்லாம் பாராசிட்டமால்தான். இது தெரியாமல் ஊர் மாத்திரை ஒன்று, இங்கே வாங்கியது ஒன்று என்று சேர்த்துப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரலுக்குக் கேடு.

ஊரிலிருந்து மருந்து கொண்டுவருபவர்கள் டாக்டர் சீட்டோடு, பெட்டியோடு கொண்டுவாருங்கள். தூக்க மாத்திரை, கோடீன் கலந்த இருமல் சிரப், டிரமடால் போன்ற வலி மாத்திரை இருந்தால், கிளம்புவதற்கு முன்பே அனுமதி தேவையா என்று விசாரித்துவிடுங்கள். போதைப்பொருள் விஷயத்தில் இந்தத் தீவு மிகக் கறார். வேலை ஒப்பந்தத்தில் மருத்துவச் செலவு யார் பொறுப்பு, காப்பீடு குடும்பத்துக்கும் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை ஆஸ்பத்திரி கவுண்ட்டரில் செல்லாது.

வந்த சில நாளில் சுகாதாரத் துறை ஆள் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, விரலில் ஒரு சொட்டு ரத்தம் கேட்கலாம். பயப்படாதீர்கள், மலேரியா பரிசோதனை. 1973-இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த தீவு இது. 1975-இல் ஜெர்வேஸ் புயலுக்குப் பிறகு மறுபடி தலைகாட்டியது. ஆகவே இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள். காய்ச்சல் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

வாயில் வரவேண்டிய பத்து வார்த்தை

டாக்டர்களுக்கு ஆங்கிலமும் பிரெஞ்சும் தெரியும். நர்ஸ், மருந்துக் கடைப் பெண், வரிசையில் நிற்பவர் எல்லாரும் பேசுவது கிரியோல். ‘மோ ஸான்ஃபான் மாலாத்’ என்றால் என் குழந்தைக்கு உடம்பு சரியில்லை. ‘லாஃபியேவ்’ காய்ச்சல். ‘மோ லாதெத் ஃபெர் மால்’ தலை வலிக்கிறது. ‘மோ வான்த் ஃபெர் மால்’ வயிறு வலிக்கிறது. ‘வோமி’ வாந்தி. ‘தான்சியோன்’ என்றால் ரத்த அழுத்தம், ‘தியாபெத்’ என்றால் சர்க்கரை வியாதி. ‘அவான் மான்ஸே’ சாப்பாட்டுக்கு முன், ‘ஆப்ரே மான்ஸே’ சாப்பாட்டுக்குப் பின். ‘ட்ருவா ஸூர்’ மூன்று நாள். இவ்வளவு போதும். தப்பாகச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே திருத்துவார்கள். அப்படித்தான் நானும் கற்றேன்.

வீடு பார்க்கும்போது

சின்னத் தீவுதானே என்று நினைக்க வேண்டாம். கடற்கரை ஒரு சீமை, மேடு ஒரு சீமை. போர்ட் லூயிஸில் வேர்த்துக் கொட்டும் அதே மதியம், மேட்டில் இருக்கும் கியூர்பீப்பில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே இரண்டே பருவம், சின்ன மழைக்காலம், பெரிய மழைக்காலம் என்று இவர்கள் கேலி பேசுவார்கள். ஒரு காலத்தில் மேட்டுக்கு ஜனங்கள் ஏறியதே காய்ச்சலுக்குப் பயந்துதான். 1860-களில் மலேரியா போர்ட் லூயிஸை வாரிக்கொண்டு போனபோது, முடிந்தவர்கள் மேலே குடிபெயர்ந்தார்கள்.

இன்று மேட்டில் வீடு எடுப்பவர் பார்க்க வேண்டியது கொசுவைவிடப் பூஞ்சணம். ஆஸ்துமாவோ, அடிக்கடி மூச்சுத்திணறலோ உள்ள பிள்ளை இருந்தால், வாகுவா, கியூர்பீப் பக்கம் வீடு பார்க்கும்போது அலமாரிக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். கட்டில் போடப்போகும் சுவரின் மூலையைக் கையால் தடவிப் பாருங்கள். புதுச் சுண்ணாம்பு வாசனை அடித்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். கரும்பூஞ்சணத்தை மறைக்கத்தான் வெள்ளை அடித்திருப்பார்கள். ஏற்கெனவே குடியேறிவிட்டீர்களா? கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள், ஈரத்துணியை அறைக்குள் காயப்போடாதீர்கள், வெயில் எட்டிப் பார்க்கும் நேரமெல்லாம் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

மொட்டைமாடித் தொட்டிக்கு மூடி இருக்கிறதா, கடைசியாக எப்போது கழுவினார்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வறண்ட மாதங்களில், முக்கியமாக அக்டோபரிலிருந்து மழை பிடிக்கும்வரை, குழாயில் தண்ணீர் மணிக்கணக்குப் பார்த்துத்தான் வரும். அப்போது வீட்டில் எல்லாரும் வாளியிலும் பீப்பாயிலும் பிடித்து வைப்பார்கள். அடுத்த விஷயம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாரத்துக்கு ஒரு நாள் கொசுவுக்கு

2005, 2006-இல் சிக்குன்குனியா இந்தக் கடல் பகுதியையே முடக்கிப் போட்டது. பக்கத்துத் தீவான ரெயூனியனில் மூன்றில் ஒருவருக்கு வந்தது. 2024 தொடக்கத்தில் இங்கே டெங்கு. 2025-இல் மறுபடி சிக்குன்குனியா. இரண்டையும் பரப்புவது உடம்பில் வெள்ளை வரி போட்ட ஏடிஸ் கொசு. ராத்திரிக் கொசுவல்ல, பகல் கொசு. காலையிலும் சாயங்காலத்திலும் அதிகம் கடிக்கும். ராத்திரி வலை கட்டிவிட்டு, பகலில் கையில்லாச் சட்டையோடு பிள்ளையைத் தோட்டத்தில் விட்டால் பயனில்லை. பகலில் தூங்கும் கைக்குழந்தைக்குத்தான் வலை முக்கியம்.

எங்கள் வீட்டில் புழு எங்கே இருந்தது தெரியுமா? துளசித் தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில். தினமும் பக்தியோடு தண்ணீர் ஊற்றியது நான்தான்.

முட்டை கொசுவாக ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். எனவே வாரம் ஒரு நாள் போதும்; நாள் மட்டும் மாறக்கூடாது. எங்கள் வீட்டில் சனிக்கிழமை காலை, எண்ணெய்க் குளியலுக்கு முன். பூந்தொட்டித் தட்டு, குளிர்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, பழைய டயர், மழைநீர்க் குழாயில் அடைத்த இலை, சாமி படத்துக்கு முன் இருக்கும் பூஜாடி, நாய்த் தண்ணீர்க் கிண்ணம் எல்லாவற்றையும் கொட்டுங்கள். கொட்டினால் மட்டும் போதாது. பாத்திரத்தின் உட்சுவரை நாரால் தேய்க்க வேண்டும், ஏனென்றால் முட்டை அங்கே ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் சாகாது. இந்த வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள். எங்கள் சின்னவள் இப்போது விருந்தாளி வீட்டுக்குப் போனாலும் தொட்டித் தட்டைத் தூக்கிப் பார்க்கிறாள். மானம் போகிறது, பரவாயில்லை.

காய்ச்சல் வந்துவிட்டால் பாராசிட்டமால் மட்டும், அதுவும் குழந்தைக்கு எடைக்குத் தகுந்த அளவு. ஆஸ்பிரின், இபுபுரூஃபன் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். இளநீர், கஞ்சி, மோர் எதுவானாலும் கொடுத்துக்கொண்டே இருங்கள். பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மூன்றாம் நாளுக்கு மேல் காய்ச்சல் இறங்கியதும் ‘சரியாகிவிட்டது’ என்று நிம்மதியாகிவிடுவார்கள். டெங்குவில் ஆபத்து அப்போதுதான். வயிற்றில் கடும் வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், பிள்ளை துவண்டு போவது, சிறுநீர் குறைவது ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்புங்கள்.

சந்தையும் அடுப்பும்

காத்ர் போர்ன் சந்தைக்குப் புதனோ சனியோ போங்கள். காய்கறி நாள்கள் அவைதான். பாஷை தெரியாது என்று தயங்க வேண்டாம். ‘கோதோமிலி’ என்று கேட்டால் கொத்தமல்லி கொடுப்பார்கள். ‘காரிபூலே’ கறிவேப்பிலை. ‘பிப்பங்காய்’ பீர்க்கங்காய். ‘பாத்தோன் மூரூம்’ முருங்கைக்காய், ‘ப்ரெத் மூரூம்’ முருங்கைக்கீரை. ரசத்துக்கு இங்கே ‘ரசோன்’ என்று பெயர். கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோர் பாஷையைத் தொலைத்தாலும் அடுப்பங்கரையைத் தொலைக்கவில்லை. முதல் தடவை கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது, பீர்க்கங்காய்க்குப் போய்.

கீரைகளைத்தான் முதலில் பழகிக்கொள்ள வேண்டும். ‘ப்ரெத்’ என்றாலே கீரை. ‘ப்ரெத் மால்பார்’ நம் தண்டுக்கீரை வகை, ‘ப்ரெத் மார்தென்’ மணத்தக்காளி. வெங்காயமும் பூண்டும் தாளித்துத் தண்ணீர் விட்டு, கீரையைப் போட்டு ஒரு கொதியில் இறக்கினால் அதுதான் ‘பூயோன் ப்ரெத்’. சாயங்காலம் வேலையிலிருந்து அலுத்து வரும் வீட்டுக்கு இதைவிடச் சுலபமான ராச்சாப்பாடு கிடையாது. பாவக்காய் ‘மார்கோஸ்’, வெண்டை ‘லாலோ’, சுரைக்காய் ‘கால்பாஸ்’. ஊரில் சாப்பிட்ட எல்லாமே இருக்கிறது. கீரையை மட்டும் நிறையத் தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசுங்கள்.

மாட்டிக்கொள்வது தெருவோரத்தில். தால்பூரி ஒரு ஜோடியாகத்தான் விற்பார்கள். கடலைப்பருப்பு உள்ளே இருக்கிறதே, சத்துதானே என்று நானும் தேற்றிக்கொண்டேன். வெளியே இருப்பது மைதா. ஃபராத்தாவும் மைதா. காலையில் பேக்கரி ரொட்டியும் வெள்ளை மாவு. மத்தியானம் வெள்ளைச் சோறு. நாலு மணிக்கு ‘காத்தோ பிமான்’, அதாவது நம் பருப்பு வடை, அதையும் வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள்! வெயிலுக்கு ஆலூதா: பால், சப்ஜா விதை, கடற்பாசி, கூடவே கண்ணை மூடிக்கொண்டு ஊற்றும் சர்க்கரைப் பாகு. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அப்பாவி. ஒரே நாளில் சேர்ந்தால் கணக்கு வேறு.

தடுக்கச் சொல்லவில்லை. இதைச் சாப்பிடாமல் இந்த ஊரில் குடியிருந்து என்ன பயன்? எங்கள் வீட்டு ஏற்பாடு: வெளியே தின்பது வாரத்தில் இரண்டு நாள், அந்த நாளில் ராத்திரி சோறு இல்லை, கீரை பூயோனும் முட்டையும் மட்டும். ஆலூதாவுக்குப் பாகு பாதி என்று சொல்லி வாங்கலாம். கடைக்காரர் முறைப்பார், ஆனாலும் தருவார். உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்: அச்சார் என்ற ஊறுகாய், மாஸாவாரூ என்ற மிளகாய் விழுது, உப்புக் கருவாடு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராம்தான், அதாவது ஒரு தேக்கரண்டி. அச்சார் போட்டுக்கொள்ளும் நாளில் குழம்புக்கு உப்பைக் குறையுங்கள்.

எண்ணெயைப் பற்றி ஒரு பழைய கதை. 1987-இல் இந்த அரசாங்கம் ரேஷன் எண்ணெயைப் பாமாயிலிலிருந்து சோயா எண்ணெய்க்கு மாற்றியது. ஐந்து வருஷம் கழித்து மக்களைப் பரிசோதித்தபோது சராசரிக் கொலஸ்ட்ரால் நன்றாகவே இறங்கியிருந்தது. வீட்டு அலமாரியில் ஒரு பாட்டிலை மாற்றுவது சின்ன விஷயமல்ல என்று மாமியாரிடம் வாதாட இது எனக்கு உதவியது.

தீசானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மூலிகைக் கஷாயத்துக்கு இங்கே அந்தப் பெயர். போர்ட் லூயிஸ் மத்தியச் சந்தையில் இதற்கென்றே கடை உண்டு. வயிற்று உபாதைக்கு ஆயாபானா இலை, சளிக்கு எலுமிச்சைப்புல் எல்லாம் நம் சுக்குக் கஷாயம் மாதிரிதான், பெரியவர்கள் குடிப்பதில் தப்பில்லை. சர்க்கரைக்கோ சிறுநீரகத்துக்கோ மருந்து சாப்பிடுபவர் மட்டும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அக்கம்பக்கத்துப் பாட்டிமார் ‘தான்பாவ்’ என்று இவர்கள் சொல்லும் கைக்குழந்தை உபாதையைப் போக்க ஒரு தீசான் கொண்டுவந்து தருவார்கள். நம் ஊர் உரைமருந்து போல, அன்பினால் தருவது. வாங்கி, நன்றி சொல்லி, அலமாரியில் வையுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீரும் வேண்டாம்.

சர்க்கரையை நாமே தேடிப் போய்ப் பார்ப்பது

இந்தத் தீவின் பெரியவர்களில் சுமார் ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி. குளிர்பானத்தில் கலக்கும் சர்க்கரைக்கு 2013-இலேயே வரி போட்ட நாடு. நாமோ ஊரிலிருந்தே அந்தச் சொத்தைக் கொண்டுவந்திருக்கிறோம். நம் உடம்பு வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேல் இடுப்புச் சுற்று போனாலே எச்சரிக்கை. தராசு என்ன சொன்னாலும் சரி. தையல் டேப் வீட்டில் இருக்கும். தொப்புள் மட்டத்தில், மூச்சை இழுக்காமல் அளக்கச் சொல்லுங்கள். ஆண்கள் இழுப்பார்கள்.

முப்பது தாண்டியவர்கள் வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பாருங்கள். பிறந்தநாள் மாதத்தில் வைத்துக்கொண்டால் மறக்காது. சுகாதாரத் துறையின் பரிசோதனை வண்டி ஊருக்குள் வரும்போது வரிசையில் நின்றுவிடுங்கள். என் கணவருக்கு ஒரு அறிகுறியும் இல்லை. அலுவலக வாசலில் வண்டி நின்றது, சும்மா விரலை நீட்டினார், அங்கே தெரிந்தது.

நடப்பதற்குத் தெருவை நம்பாதீர்கள். பல இடங்களில் நடைபாதையே கிடையாது, வளைவில் பஸ் உரசிக்கொண்டு போகும். கியூர்பீப்காரர்களுக்கு த்ரூ ஓ செர்ஃப் எரிமலை வாயைச் சுற்றி நல்ல பாதை. காத்ர் போர்னில் காந்தோஸ் குன்று. போ பாசெனில் பால்ஃபர் தோட்டம். காலை ஐந்தரைக்கே கூட்டம் வந்துவிடும். புதிதாய் வந்த பெண்களுக்கு நட்புக் கிடைக்கிற இடமும் அதுவே. ஊரை விட்டு வந்த முதல் வருஷம் மனசு சோர்வது சகஜம். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று போனில் அம்மா சொல்வதைவிட, தினமும் முகம் பார்க்க நாலு பேர் கிடைப்பது உதவும். ஆனால் தூக்கமில்லாமல், சாப்பிடப் பிடிக்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது ஊர் ஏக்கம் மட்டுமல்ல, டாக்டரிடம் போங்கள்.

புயல் மாதங்கள்

நவம்பரிலிருந்து ஏப்ரல்வரை வானொலியில் காது இருக்க வேண்டும். எச்சரிக்கை வகுப்பு ஒன்றிலிருந்து நான்குவரை ஏறும். நான்கு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீச ஆரம்பித்துவிட்டது, கதவைத் திறக்கவே கூடாது. ஒன்று என்றதும் கடைக்கு ஓடாமல் மருந்து அலமாரிக்கு ஓடுங்கள். தினசரி மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு இருக்கிறதா? குழந்தையின் பால்மாவு? உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம்? பொட்டலம் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டையும் தலை தட்டி அளக்க வேண்டும். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

மின்சாரம் போனபின் குளிர்பெட்டியைத் திறக்காமல் வைத்தால் உள்ளே இருப்பது நாலு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போன பாலும் மீனும் வேண்டாம். இன்சுலின் போடுபவர்களுக்கு மின்வெட்டு என்றதும் பயம் வரும். உபயோகத்தில் இருக்கும் இன்சுலின் வெயில் படாமல் குளிர்ச்சியான அறையில் பொதுவாக நாலு வாரம்போலத் தாங்கும். உங்கள் மருந்துக்கு எத்தனை நாள் என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் பார்த்து வையுங்கள். மண்பானைக்குள் சின்னப் பானையை வைத்து, நடுவில் ஈர மணல் போட்டால் நல்ல குளிர்ச்சி கிடைக்கும்; மருந்து நனையாமல் டப்பாவில் இருக்கட்டும்.

புயலுக்குப் பின் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வரும். துணியில் வடிகட்டி, நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிட்டுத்தான் குடிக்க வேண்டும். மழைவெள்ளத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2024 ஜனவரி 15, பெலால் புயலன்று காலையில் வேலைக்குப் போனவர்கள் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்களே மிதந்து போவதைப் பார்த்தார்கள். அந்தத் தண்ணீரில் எலிச் சிறுநீரும் கலந்திருக்கும். காலில் கீறலோடு இறங்கி நடந்தவருக்கு, பிறகு வரும் நாள்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ‘வெள்ளத்தில் நடந்தேன்’ என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

கடல், வெயில்

ஞாயிறு என்றால் கடற்கரை. பிரியாணிச் சட்டியோடு பஸ் பிடித்துப் போவார்கள், நீங்களும் போவீர்கள். பவளப்பாறை அரண் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்குங்கள். தெற்கே சூயாக் பக்கம் கிரிஸ் கிரிஸில் அந்த அரண் இல்லை; பார்ப்பதற்கு மட்டுமான கடல் அது. கால்களில் ரப்பர் செருப்பு அவசியம். ‘லாஃப்’ என்ற கல்மீன் பாறை போலவே கிடக்கும். மிதித்தால் முள் ஏறி உயிர் போகும் வலி. பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காலை அரைமணியிலிருந்து ஒன்றரை மணிவரை வைக்க வலி தணியும், அந்த நஞ்சு சூட்டில் கெடும். நீரின் சூட்டை வேறொருவர் கைவிட்டுப் பார்க்கட்டும், அடிபட்டவருக்குச் சூடு தெரியாது. பிறகு ஆஸ்பத்திரி. வெயிலோ, கோடையில் உச்சிக்கு நேராக நிற்கும். பத்திலிருந்து மூன்றுவரை பிள்ளைகளை மரநிழலில் வையுங்கள். கருப்புத் தோலுக்கு ஒன்றும் ஆகாது என்பது நம் வீட்டுப் பொய்.

காவடி நாளில்

தைப்பூசம் இங்கே பொது விடுமுறை. பத்து நாள் விரதம், அலகு, வெறுங்கால், உச்சி வெயிலில் தார்ரோடு. ஊரில் காவடி எடுத்தவர்களுக்கே இந்த ஜனவரி, பிப்ரவரி வெயில் புதிது. சர்க்கரைக்கு மருந்து சாப்பிடுபவர்கள் விரதம் தொடங்கும் முன் டாக்டரிடம் அளவை மாற்றிக் கேளுங்கள். ஒரு வேளை சாப்பாட்டை விட்டுவிட்டு அதே மாத்திரையைப் போட்டால் பாதி வழியில் மயங்கி விழுவார்கள். வேர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் உடனே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார். அலகு குத்துபவர் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்று முன்கூட்டியே பார்த்துவிடட்டும். ஊசி புதியதா, சுத்தம் செய்ததா என்று கேட்பதில் வெட்கமில்லை.

பல வருஷம் சர்க்கரை உள்ளவருக்குப் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கும். தார் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்ததும் தெரியாது. அவர் வெறுங்காலோடு நடக்காமல் வேறு வகையில் நேர்த்தியைச் செலுத்தலாம் என்பது என் அபிப்பிராயம். அப்படியும் நடந்தே தீருவேன் என்பவரை, வீட்டுக்கு வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் கழுவ வைத்து, விரலிடுக்குவரை துடைத்து, பாதத்தைத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். என் மாமனாருக்குக் குனிய முடியாது. தரையில் முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்துக்கொள்வார், பேத்தி பார்த்துச் சொல்வாள். கொப்புளம் தெரிந்தால் உடைக்காமல், மறுநாள் காலை முதல் ஆளாக அந்தத் திஸ்பான்ஸேர் வாசலில் நில்லுங்கள்.